இடிக்காமல் விட்ட சுவர்: லேகாக் அபி வீட்டின் கதை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றங்கரையில், லேகாக் என்று ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டி நிற்கும் பெரிய வீட்டுக்கு லேகாக் அபி என்று பெயர். அபி என்றால் துறவியர் மடம். மடத்தை மூடி ஐந்நூறு ஆண்டுகள் நெருங்கிவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டின் தெற்குப் பக்கம் ஒரு புல்வெளி. அங்கே நின்று நிமிர்ந்தால் மாடியில் மூன்று ஜன்னல்கள் சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு தெரியும். ஓரியல் ஜன்னல் என்பார்கள். அவற்றுக்கு வயது இருநூறுதான். அவை ஒட்டிக்கொண்டிருக்கும் சுவருக்கு வயது எழுநூறைத் தாண்டும். அந்தச் சுவரை வீட்டுக்காக யாரும் எழுப்பவில்லை. அது மடத்துத் தேவாலயத்தின் வடக்குச் சுவர். தேவாலயம் போய்விட்டது, சுவர் நின்றுவிட்டது. நாம் கால் வைத்திருக்கும் புல்தரைதான் ஒருகாலத்தில் கன்னியர்கள் முழங்காலிட்ட இடம்.

ஆங்கிலேயப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகை என்றதும் ஒரு பிரபு, ஒரு கட்டடக் கலைஞர், ஒரே வரைபடம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படிக் கட்டியவையும் உண்டு. ஆனால் அங்கே பல வீடுகள் நம் பக்கத்துப் பூர்விக வீடு மாதிரிதான் வளர்ந்தன. பணம் வந்தபோது ஒரு கூடம், பணம் போனபோது ஒரு பூட்டு, கல்யாணத்தோடு வந்த மருமகனுக்கு ஒரு புது ரசனை. லேகாக்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கே எந்தக் கையும் முந்தைய கையை முழுக்க அழிக்கவில்லை. அழிக்காததற்குக் காரணம் பழமைப் பற்று என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் சிக்கனம், சில நேரம் பணமின்மை.

மடத்தை நிறுவியவர் எலா, சாலிஸ்பரி சீமாட்டி. கணவர் வில்லியம் லாங்கஸ்பே, இரண்டாம் ஹென்றி மன்னரின் முறைசாரா மகன். அவர் 1226-இல் இறந்தார். எலா மறுமணம் செய்யவில்லை. மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியாக நிர்வாகம் பார்க்கும் வில்ட்ஷயர் ஷெரீஃப் பதவியையே வகித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது சாதாரணமில்லை. 1229-இல் மடத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கின. 1232-இல் முதல் கன்னியர்கள் முக்காடு ஏற்றனர். பிறகு எலாவும் அங்கேயே துறவு பூண்டு மடத்தின் தலைவியாக இருந்தார்.

மடத்தின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் எல்லோரையும் கட்டிப்போட்டது அதுதான். நடுவில் ஒரு சதுர முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரம். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தையும் வளவையும் நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மரத்தூணுக்குப் பதில் கல், ஓட்டுக்கூரைக்குப் பதில் கல் விதானம். தெற்கே தேவாலயம். கிழக்கே தரைத்தளத்தில் தேவாலயப் பொருள் அறை, கன்னியர்கள் கூடி மடத்து விவகாரம் பேசும் அவைக்கூடம், குளிர்காயும் அறை. படுக்கை இவற்றுக்கு மேலே, மாடியில். உணவுக்கூடமும் மாடிதான். ஆக, கீழே கல் விதானம் போட்ட குளிர்ந்த அறைகள், மேலே மனிதர்கள். இப்போதுள்ள தாழ்வாரம் 15-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தது. விதானத்தில் கல் விலாக்கள் வந்து சேரும் முடிச்சு ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு முகமோ விலங்கோ செதுக்கியிருக்கிறார்கள்.

குளிர்காயும் அறையில் ஒரு பிரம்மாண்டமான அண்டா இருக்கிறது. 1500-இல் இன்றைய பெல்ஜியத்தின் மெக்லன் நகரில் வார்த்தது. நம் கோயில் மடைப்பள்ளி வெண்கலப் பாத்திரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் அளவு ஆச்சரியம் தராது. ஆனால் மடத்திலிருந்து பெயர்த்தெடுக்கக்கூடிய பொருள்களில் தப்பியவை மிகக் குறைவு. அதனால் அதற்கு அங்கே தனி மரியாதை.

1530-களில் எட்டாம் ஹென்றி மன்னர் ரோமின் போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டதும் மடங்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது. 1536-க்கும் 1540-க்கும் இடையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மடங்களை மூடி, சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. லேகாக் கன்னியர்கள் பணம் கட்டித் தவணை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் ஓடியது. 1539 ஜனவரியில் அதுவும் முடிந்தது. கடைசித் தலைவி ஜோன் டெம்ஸுக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மடச் சொத்தை வாங்கியவர்களுக்கு ஒரு பெரிய கேள்வி: தேவாலயத்தை என்ன செய்வது? வீடாக்க முடியாத அளவுக்கு உயரம், அகலம். கூரை ஈயத்துக்கும் மணிகளுக்கும் நல்ல விலை. ஹாம்ப்ஷயரின் டிட்ச்ஃபீல்டில் தாமஸ் ரயட்ஸ்லி என்ற அரசு அதிகாரி தேவாலயத்தின் நடுக்கூடத்தையே குறுக்கே வெட்டி, நான்கு கோபுரம் வைத்த நுழைவாயிலாக்கிவிட்டார். துணிச்சலான வேலை, இன்று கூரையில்லாத பாழாக நிற்கிறது. லேகாக்கை 1540-இல் 783 பவுண்டுக்கு வாங்கிய வில்லியம் ஷாரிங்டன் வேறு கணக்குப் போட்டார். தேவாலயத்தை இடித்தார். அதன் வடக்குச் சுவரை மட்டும் விட்டுவைத்தார், ஏனென்றால் அது தாழ்வாரத்துக்கும் பொதுச் சுவர். அதை இடித்தால் வீட்டின் ஒரு பக்கம் திறந்து போகும்.

மற்றதில் அவர் கை வைத்ததெல்லாம் மேலேதான். கன்னியர்கள் படுத்த மாடி, உண்ட மாடி எல்லாம் அறைகளும் நடைக்கூடங்களுமாயின. கீழ்த்தளத்தை அப்படியே விட்டார். விதானமுள்ள அவைக்கூடமும் குளிர்காயும் அறையும் பிழைத்தது இந்த அலட்சியத்தால்தான். குடியிருக்கப் பயன்படாத இடம், இடிக்கவும் செலவு. சாமான் போட்டு வைக்க ஆயிற்று. வடக்கே ஒரு வேலைக்கார முற்றம் எழுப்பினார்: குதிரை லாயம், ரொட்டிச் சூளை, பீர் வடிக்கும் கூடம். முறுக்கிய கல் புகைபோக்கிகள் கூரை மேல் இன்னும் நிற்கின்றன.

அவருடைய உண்மையான ஆசை தென்கிழக்கு மூலையில் தெரிகிறது. அங்கே எட்டுப் பட்டைக் கோபுரம் ஒன்று, மூன்று நிலை. நடுநிலை அறை பத்திரங்களும் அருமையான பொருள்களும் வைக்க. உச்சி அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து நேர்வழி கிடையாது. கூரைத் தளத்தின் மேல் நடந்துதான் போக வேண்டும். சாப்பாடு முடிந்ததும் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு கூரை வழியே நடந்து போய், அங்கே இனிப்பும் ஒயினும் கொடுத்துத் தன் நிலத்தைக் காட்டுவது. மரியாதையும் அதில் அடக்கம், பீற்றலும் அடக்கம்.

நடுநிலை அறையின் நடுவே கல்லால் ஆன எட்டுப் பட்டை மேசை. அதை நான்கு ஆட்டுக்கால் மனிதர்கள், கிரேக்கப் புராணத்து சாட்டர்கள், குந்தி உட்கார்ந்து தலையில் பழக்கூடையோடு தாங்குகிறார்கள். இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணி அப்போதுதான் இங்கிலாந்துக்குள் அரைகுறையாக நுழைந்துகொண்டிருந்தது. அதை இவ்வளவு சுத்தமாகச் செதுக்கிய வேலை அந்தப் பத்தாண்டில் அங்கே அபூர்வம். இன்னொன்றும் கண்ணில் படும்: ஷாரிங்டனின் குலச்சின்னமான தேள். கன்னியர் மடத்துக் கல்லுக்குப் பக்கத்தில் கிரேக்கத்து ஆட்டுக்கால் மனிதன், அவனுக்கு மேலே தேள். ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு மாறிவிட்டது என்பதை எந்த வரலாற்றுப் பாடத்தையும்விட இந்தச் சின்ன அறை சொல்லிவிடும்.

இந்த அலங்காரத்துக்கெல்லாம் பணம்? ஷாரிங்டன் 1546-இல் பிரிஸ்டல் நாணயச்சாலைக்குப் பொறுப்பாளரானார். நாணயத்தில் கலப்படம், ஓரம் வெட்டியெடுத்தல், கணக்கில் தில்லுமுல்லு என்று கை நீண்டது. லாபத்தைக் கொண்டு, சிறுவனாக இருந்த மன்னரின் மாமா தாமஸ் சீமரின் அரசியல் சதிக்கு உதவப் போனதில் 1549 ஜனவரியில் பிடிபட்டார். சீமரின் தலை போயிற்று. ஷாரிங்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், மன்னிப்புக் கிடைத்தது, பறித்த நிலங்களைச் சுமார் 12,000 பவுண்டு கட்டி மீட்டார். பிறகு வில்ட்ஷயருக்கே ஷெரீஃப் ஆனார்! 1553-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். வீடு தம்பி ஹென்றிக்குப் போயிற்று.

ஹென்றியின் மகள் ஆலிவ் பற்றி ஒரு கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி எழுதி வைத்தது. ஜான் டால்பட்டை மணக்க அப்பா சம்மதிக்கவில்லை. இரவில் மதில் மேல் நின்று காதலனோடு பேசிக்கொண்டிருந்தவள் குதித்தேவிட்டாளாம். பாவாடை காற்றில் விரிந்ததால் அவள் பிழைத்தாள். கீழே பிடிக்கப் போன அவன்தான் செத்துப் பிழைத்தான். இவ்வளவு தூரம் குதிக்கிறவளை இனிப் பிடித்து வைக்க முடியாது என்று அப்பா கட்டிக்கொடுத்தார். நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் டால்பட் குடும்பம் லேகாக்குக்கு வந்தது இந்தக் கல்யாணத்தால்தான். அதன் பிறகும் வீடு பலமுறை பெண் வழியாகவே கைமாறியது. பேரனோ மருமகனோ ‘டால்பட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே வருவார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜான் ஐவரி டால்பட். 1714-இல் சொத்து அவர் கைக்கு வந்தது. முதலில் அந்தக் காலத்து நாகரிகப்படி, கிரேக்க ரோமானியத் தூண்களும் சமச்சீரும் கொண்ட உணவறை ஒன்று செய்துகொண்டார். பிறகு ரசனை திரும்பியது. 1750-களின் நடுவில் மேற்குப் பக்கம் ஷாரிங்டன் காலத்துக் கூடத்தை எடுத்துவிட்டு, சாண்டர்சன் மில்லரைக் கொண்டு புதிய பெரிய கூடம் கட்டினார். பாணி கோதிக்: கூர்முனை வளைவு, மெல்லிய கல் சட்டங்கள், மாடங்கள். மில்லர் தொழில்முறைக் கட்டடக்காரர் இல்லை, தானே ஒரு நிலக்கிழார். நண்பர்கள் தோட்டங்களில் இடிந்த கோட்டையைப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதில் பெயர் பெற்றவர். அக்காலத்தில் அதற்கும் ஒரு தேவை இருந்தது.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. நிஜமான கோதிக் தாழ்வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் முந்நூறு வருடமாக நிற்கிறது. அதைப் பார்த்துப் படியெடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மில்லரின் கோதிக்கில் கல்லின் பாரம் இல்லை, கல்யாணப் பந்தல் ஜோடனையின் சுறுசுறுப்புத்தான் இருக்கிறது. மடத்து விதானத்தில் ஒவ்வொரு கல் விலாவும் எடையைச் சுமக்கிறது. மில்லரின் வளைவுகள் எதையும் சுமக்கவில்லை, அழகுக்கு நிற்கின்றன. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அந்தக் கூடம் விருந்துக்காகக் கட்டியது. விருந்துக்கு ஏற்றபடி கலகலப்பாகவே இருக்கிறது. வளைந்த கூரையில் ஐவரி டால்பட்டின் நண்பர்கள் வீட்டுக் குலச்சின்னங்களை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். மாடங்களில் செடர்பாக் என்ற ஆஸ்திரியச் சிற்பி செய்த சுடுமண் உருவங்கள். விவிலியத்தில் வரும் பலிகடா ஒன்றும் அவற்றில் உண்டு. யாரோ ஒரு மாணவர் விளையாட்டாக அதன் மூக்கில் வைத்த சர்க்கரைக் கட்டியை எடுக்காமல் விட்டதில் அதுவே ஒரு மரபாகிவிட்டது.

அடுத்த கை வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1800 பிப்ரவரியில் பிறந்தார். அப்பா அந்த வருடமே கடனோடு இறந்தார். வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அம்மா எலிசபெத் கடனைச் சீர்செய்து, மகன் 1827-இல் சொந்த வீட்டுக்குக் குடிவரும் நிலையை உண்டாக்கினார். வந்ததும் தெற்கு நடைக்கூடத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். அதன் வெளிச்சுவர் எது? ஷாரிங்டன் விட்டுவைத்த தேவாலயச் சுவர். தேவாலயத்தின் பக்கச் சுவராக இருந்தது என்பதால் கீழ்ப்பகுதியில் அதிகம் திறப்பில்லை. உள்ளே இருட்டு. 1830-க்குள் அதைத் துளைத்து மூன்று ஓரியல் ஜன்னல்கள் வைத்தார்கள். மூன்றும் ஒரே அளவில்லை, நடுவிலிருப்பது சின்னது. அவற்றின் பாணியும் கோதிக்தான், ஆனால் மில்லரின் ஜோடனை இல்லை. பழைய சுவரோடு ஒத்துப்போகட்டும் என்ற அடக்கம் தெரிகிறது. இப்படி ஒரே வீட்டுக்குள் மூன்று கோதிக்: வேண்டுவதற்குக் கட்டியது, விருந்துக்குக் கட்டியது, வெளிச்சத்துக்குக் கட்டியது.

அந்த நடு ஜன்னலால்தான் லேகாக் உலகப் புகழ் பெற்றது. டால்பட் கணிதக்காரர், தாவரவியல் பித்தர், சிலகாலம் நாடாளுமன்ற உறுப்பினர். படம் வரைய மட்டும் கை வராது. 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், வரைவதற்கு உதவும் கண்ணாடிக் கருவியை வைத்துக்கொண்டும் தோற்றுப்போனார். வெளிச்சம் காட்டும் உருவம் தானாகவே காகிதத்தில் படிந்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. வழி எளியது. நல்ல எழுது காகிதத்தைச் சாதாரண உப்புக் கரைசலில் நனைத்துக் காய வைப்பார். மேலே வெள்ளி நைட்ரேட் பூசுவார். இரண்டும் சேர்ந்து காகித நாரிலேயே வெள்ளி குளோரைடு உண்டாகும். வெயில் பட்ட இடம் கறுக்கும். பிறகு கெட்டியான உப்புக் கரைசலில் அலசினால் மேலும் கறுப்பது குறையும். இதற்காகச் சின்னச் சின்ன மரப்பெட்டிகளைச் செய்து வீட்டைச் சுற்றி அங்கங்கே வைத்துவிட்டுப் போவார். மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு எலிப்பொறி என்று பெயர் வைத்தார்.

1835 ஆகஸ்டில் அப்படி ஒரு எலிப்பொறி நடைக்கூடத்துக்குள்ளிருந்து அந்த ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஏன் ஜன்னல்? அசையாது, பின்னால் முழு வானவெளிச்சம். விழுந்த படம் ஒரு தபால்தலை அளவு. எதிர்ப்படம் என்பதால் வெளிச்சம் வந்த கண்ணாடிகள் கருத்தும், அவற்றை இணைத்த ஈயக் கம்பிகள் வெளுத்தும் தெரியும். அதை ஒரு அட்டையில் ஒட்டி, எடுத்த புதிதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் பூதக்கண்ணாடி வைத்து எண்ண முடிந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்தார் டால்பட். இன்று எண்ண முடியாது, மங்கிவிட்டது. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ் அதுதான். நான்கு வருடம் அதைப்பற்றி அவர் பெரிதாக வாய் திறக்கவில்லை. 1839 ஜனவரியில் பாரிஸிலிருந்து, டாகேர் என்பவரும் வெளிச்சத்தால் படம் பிடிக்கும் வழி கண்டுவிட்டார் என்ற செய்தி வந்த பிறகு, அவசர அவசரமாக ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். தன் படத்தைத் தானே வரைந்துகொண்டதாக அறியப்படும் முதல் கட்டடம் இந்த வீடுதான் என்று அதில் எழுதினார்.

காகித நெகட்டிவ் வழி இருபது வருடத்தில் நம் ஊருக்கும் வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் மதுரை மீனாட்சி கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் 1858-ஐ ஒட்டி எடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீளப்படம் சுமார் 19 அடி. கட்டடம் தன்னை வரைந்துகொள்ளும் வேலை அதற்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது, பாருங்கள்.

லேகாக்கின் கட்டட வரலாற்றை ஒழுங்காகப் படித்தவர் டால்பட்டின் மகன் சார்லஸ் ஹென்றி. மணமாகாதவர், பழமை ஆய்வில் ஊறியவர். அதுவரை வந்தவர்கள் எல்லாம் எதையாவது சேர்த்தார்கள். இவர் பூச்சுக்குப் பின்னால் மறைந்திருந்ததைத் தேடினார். அடைபட்ட வளைவு எது, எந்தக் கல் மடத்துக் காலத்தது என்று பார்த்துப் பார்த்து எழுதினார். வீட்டைப் படிக்கத் தொடங்கியபோதே அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. 1916-இல் அவர் இறந்ததும் வீடு மருமகள் முறையான மட்டில்டாவுக்கு வந்தது, அதாவது சகோதரியின் மகளுக்கு. சமையல் கற்றுக்கொடுக்கும் ஆசிரியையாக இருந்தவர். வழக்கம்போல டால்பட் என்று பெயரை மாற்றிக்கொண்டார். வரியும் பராமரிப்பும் பெரிய வீடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிந்தன. மட்டில்டா 1944-இல் வீட்டையும் ஊரையும் சேர்த்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். எலா ஷெரீஃபாக இருந்த நாளிலிருந்து வீட்டிலேயே கிடந்த 1225-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா (மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனம்) படி ஒன்று நாட்டுக்கே போயிற்று. இப்போது அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

எலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். தேவாலயம் இல்லாமல் போனதால் அவருடைய கல்லறைப் பலகை மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம், மடத்துத் தாழ்வாரத்தில் கிடக்கிறது.